எந்தப் பனிமலை? விரலை நீட்டி அளந்த கணக்கு

எங்கள் திருநெல்வேலியில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவதுதான். சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்றால் ஆற்றுக்கு மேலே புகை மாதிரி கொஞ்சம் மிதக்கும். ஏழரை மணி வெயில் அதையும் துடைத்துவிடும். புல் நுனியில் நிற்கும் நீருக்கும் இமயத்தில் இடுப்பளவு கிடக்கும் வெள்ளைக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். இரண்டாவதைப் பார்க்கும் அவசியம் நமக்கு அதிகம் வாய்த்ததில்லை, அதனால் இருக்கலாம்.

இந்த வருடம் வீட்டில் நாலு பேர் கிளம்பியிருக்கிறோம். நான், என் மச்சினன், கல்லூரியில் படிக்கும் அவன் மகள், அப்புறம் ஐம்பத்தெட்டு வயதில் மூட்டுவலியோடு பெரியப்பா மகன் அண்ணன். "வருசத்துக்கு ஒருக்க குத்தாலம் போதும்னு இருந்தவன்தான், இப்பம் பனியப் பாத்துட்டுத்தான் கட்டையச் சாய்க்கணும்" என்கிறார். மச்சினனுக்கு உச்சி வேண்டும். "அத்தான், மேல ஏறி ஒரு போட்டோ எடுத்தாத்தான் போனதுக்கு அர்த்தம்" என்பது அவன் கட்சி. மருமகளுக்குக் கேமரா. எனக்குக் காட்சி கிடைத்தால் போதும், உச்சி இல்லாவிட்டாலும் சரி. நாலு பேருக்கும் பொதுவாக ஒரு மலை தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் சேர்ந்த கணக்கு இது.

முதலிலேயே மூன்றைத் தள்ளிவிட்டோம். லடாக்கில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கும் சாதர் நடை பெரிய அனுபவம்தான். ஆனால் அது பள்ளத்தாக்கின் அடியில் நடப்பது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், மேலே ஒரு கீற்று வானம். தொடங்குகிற லேவே 3,500 மீட்டர், இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபதைத் தாண்டும். அண்ணனை வைத்துக்கொண்டு அதை நினைக்கவே கூடாது. காஷ்மீரின் குல்மார்க்கில் கம்பிவண்டி 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடும், வானம் தெளிந்தால் நங்கா பர்பத்கூடத் தெரியும். ஆனால் நாங்கள் நடக்க ஆசைப்பட்டவர்கள். உத்தராகண்டின் நாக் திப்பா 3,022 மீட்டர்தான், இரண்டு நாளில் முடியும், பனி பெய்த வாரம் போனால்தான் பனி. இவ்வளவு தூரம் போய் அதிர்ஷ்டச் சீட்டு எடுக்க வேண்டாம்.

மிஞ்சியவை நாலு: கேதார்கந்தா, சந்தக்பூ, பிரம்மதால், குவாரி கணவாய். சந்தக்பூ மேற்கு வங்கத்தில், மற்ற மூன்றும் உத்தராகண்டில். முதல் இரண்டுக்கும் நான் போயிருக்கிறேன். மற்ற இரண்டும் வரைபடத்திலும், போய்வந்த ஒரு தம்பியிடம் மணிக்கணக்கில் கேட்டதிலும் தெரிந்துகொண்டவை.

கேதார்கந்தாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டம், 3,810 மீட்டர். டேராடூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், முசோரி, புரோலா, மோரி வழியாக ஒரு பகல் முழுக்க வண்டியில் குலுங்கினால் சங்க்ரி என்ற கிராமம் வரும். அங்கிருந்து நடை. முதல் நாள் பைன் காட்டுக்குள் ஏறி, ஜூடா கா தலாப் என்ற சிறு ஏரிக்கரையில் கூடாரம். டிசம்பர் கடைசியில் ஏரியின் மேல் ஐஸ் மூடியிருக்கும். மரங்களின் கிளையில் பனி தொங்கும் அந்தக் காடுதான் என்னைக் கேட்டால் அந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. ஆனால் அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. விளம்பரத்தில் வருவது உச்சி.

2019 டிசம்பரில் நான் போனபோது, சின்னக் குழு என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். சங்க்ரியில் எண்ணிப் பார்த்தால் முப்பதுக்கு மேல். உச்சிக்குப் போகும் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு எழுப்பி, கறுப்பு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, நெற்றி விளக்கோடு வரிசையில் விட்டார்கள். முன்னே போகிறவர் பூட்ஸைத் தவிர எதுவும் தெரியவில்லை. மேலே போனால் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் நிற்கிற கூட்டம். சூரியன் வரும் நேரத்தில் மேகம் வந்துவிட்டது. மூன்று நிமிடம் திரை விலகியது, சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் கறுப்பு உருவங்களாகத் தெரிந்தன, திரும்ப மூடியது. ஆறு நாள் பயணத்துக்கு மூன்று நிமிடக் காட்சி.

அந்த ஏமாற்றத்தை அசைபோட்டபோதுதான் காட்சியை எப்படி ஒப்பிடுவது என்று யோசித்தேன். உயரத்தை வைத்து ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை. நாலு இடமும் கிட்டத்தட்ட ஒரே உயரம், 3,600-லிருந்து 3,800 மீட்டர் சுற்று. கண்ணுக்கு எதிரே நிற்கும் சிகரம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் விஷயம், அது தூரத்தையும் பொறுத்தது.

நம் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். மழை விட்ட மறுநாள் பாளையங்கோட்டை மொட்டைமாடியில் நின்று மேற்கே பாருங்கள். பொதிகை வரிசை நீலமாகத் தெரியும். அகத்தியர் மலை 1,868 மீட்டர், நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். கையை முழுக்க நீட்டி விரலைக் கிடையாகப் பிடித்தால் ஒரு விரலுக்கும் கொஞ்சம் கூடுதலாக மறையும். அம்பாசமுத்திரம் தாண்டிப் போனால் அதே மலை வளர்ந்துவிடும், பாபநாசம் படித்துறையில் நின்றாலோ மலை தலைக்கு மேல் நிற்கும். மலை அதேதான், நாம் நிற்கிற இடம்தான் மாறியது.

இதே விரல் கணக்கை நாலு இடத்துக்கும் போட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் தூரத்தை அளந்து, இரண்டு உயரங்களையும் கழித்து, பூமியின் வளைவுக்குக் கொஞ்சம் தள்ளுபடி செய்தால் போதும், பத்தாம் வகுப்புக் கணக்குதான். விரற்கடைக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

சந்தக்பூவிலிருந்து எவரெஸ்ட் சுமார் 140 கிலோமீட்டர். திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய அதே தூரம்தான். அங்கிருந்து பார்க்க, 8,849 மீட்டர் எவரெஸ்ட் ஒரு விரற்கடை. கஞ்சன்ஜங்கா அதில் பாதி தூரத்தில் இருப்பதால் இரண்டு விரற்கடைக்கு வரும். கேதார்கந்தாவிலிருந்து சுவர்க்காரோகிணி, 6,252 மீட்டர், முப்பது கிலோமீட்டர் சொச்சம்: இரண்டு விரலுக்குக் கொஞ்சம் மேல். குவாரி கணவாயிலிருந்து நந்தா தேவி, 7,816 மீட்டர், முப்பத்தைந்து கிலோமீட்டர் சுற்று: மூன்றரை விரல். பிரம்மதாலிலிருந்து திரிசூல், 7,120 மீட்டர், இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்று: நாலு விரல், அதாவது கட்டைவிரலை மடக்கிய உள்ளங்கை அகலம். உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்தைவிட, பலர் பேர்கூடத் தெரியாமல் கடந்துபோகிற திரிசூல் நாலு மடங்கு பெரிதாக முன்னால் நிற்கும். மச்சினனிடம் இதைச் சொன்னபோது, "ஆனா அத்தான், எவரெஸ்ட்ட பாத்தேன்னு சொன்னாத்தான ஆபீஸ்ல மதிப்பான்?" என்றான். அதுவும் நியாயம்தான்.

மருமகள் கேட்டது வேறு. "வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து மாமா வரும்?" நான் யோசிக்காத கேள்வி. குளிர்காலத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, தென்கிழக்கில் சாய்ந்து உதிக்கும், தென்மேற்கில் சாய்ந்து மறையும். அதை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயம் விளங்கியது. கேதார்கந்தாவில் பெரிய சிகரங்கள் கிழக்குப் பக்கம். விடியலில் அவற்றின் முகம் நமக்கு இருட்டு. அன்றைக்கு நான் கறுப்பு உருவமாகப் பார்த்ததற்கு மேகம் மட்டும் காரணமில்லை. அங்கே உண்மையில் சாயங்காலம்தான் நிற்க வேண்டும், ஆனால் எல்லாரையும் காலையில் ஏற்றிப் பத்து மணிக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

சந்தக்பூ நேர்மாறு. எவரெஸ்ட் அங்கே வடமேற்கில், சூரியன் தென்கிழக்கில், நடுவில் நாம். முதல் வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராகப் போய் எவரெஸ்ட் முகத்தில் விழும். கஞ்சன்ஜங்கா வடக்கே இருப்பதால் அதற்குப் பக்கவாட்டு வெளிச்சம், மடிப்பு மடிப்பாக நிழல் விழும். ஒரு விரல் எவரெஸ்ட் என்று ஏளனம் செய்த நானே சொல்கிறேன்: அந்த விடியலை நான் மறக்கவில்லை. 2022 நவம்பர் கடைசியில், காலை ஆறு மணிக்கு, கண்ணாடி டம்ளர் டீயைக் கையில் பிடித்தபடி பார்த்தேன். முதலில் கஞ்சன்ஜங்காவின் நுனி மட்டும் பிடித்துக்கொண்டது, குங்குமம் வைத்த மாதிரி. அப்புறம் அந்த நிறம் மெல்லக் கீழே வழிந்தது. கஞ்சன்ஜங்கா வரிசையை அங்கே தூங்கும் புத்தர் என்கிறார்கள், படுத்த உருவம் சொல்லாமலே தெரிகிறது. இடது பக்கம் தள்ளி லோட்சே, எவரெஸ்ட், மக்காலு மூன்றும். உலகின் முதல் ஐந்து சிகரங்களில் நாலு ஒரே பார்வையில்.

சந்தக்பூவுக்கு இன்னும் இரண்டு பலம் உண்டு. ஒன்று, கூரை. மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம் அது, 3,636 மீட்டர், நேபாள எல்லையை ஒட்டிய பாதை. வழியெல்லாம் தங்கும் விடுதிகள், கட்டில், கம்பளி, சூடான சாப்பாடு. இரண்டாவது, வண்டி. மானேபஞ்சனிலிருந்து மேலே வரை பழைய லேண்ட் ரோவர்கள் ஓடுகின்றன. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை பஸ்ஸில் போய் இடுப்பு ஒடிந்தவர்களுக்கு அந்தப் பாதை சொந்த ஊர் மாதிரி இருக்கும். மூட்டுவலிக்காரர் வண்டியில் வரலாம், மற்றவர்கள் நடக்கலாம், ராத்திரி ஒரே இடத்தில் சேர்ந்து சாப்பிடலாம். தும்லிங்கில் ஒரு விடியல், சந்தக்பூவில் ஒன்று, ஃபாலுட் வரை போனால் இன்னொன்று: ஒரு நாள் மேகம் மூடினாலும் மறுநாள் இருக்கிறது.

அப்படியானால் அதையே முடிவு செய்ய வேண்டியதுதானே? பனி இல்லை, அதுதான் குறை. நான் போனபோது புல்லில் உறைபனி படிந்திருந்தது, குழாய்த் தண்ணீர் கட்டியாகியிருந்தது, அவ்வளவுதான். இமயத்துக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிளம்பும் காற்றுச் சுழல்கள். மேற்கத்திய இடையூறு என்று வானிலை அறிக்கையில் படிப்பார்களே, அதுதான். காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் என்று கொட்டிக்கொண்டே கிழக்கே வருவதற்குள் அதற்குச் சரக்கு தீர்ந்துவிடும். டார்ஜிலிங் பக்கம் சில வருடம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நன்றாகப் பெய்யும், சில வருடம் ஏமாற்றும். அண்ணனின் ஆசையே பனியில் கால் வைப்பது. எவரெஸ்டைக் காட்டிவிட்டு, "பனி அடுத்த வருசம் அண்ணாச்சி" என்றால் திட்டு விழும்.

பிரம்மதாலுக்கு வருவோம். சமோலி மாவட்டத்தில் லோஹாஜங் என்ற சிற்றூரிலிருந்து நடை. டெல்லியிலிருந்து காத்கோதாமுக்கு ரயில், அப்புறம் ஒரு நாள் வண்டி. அல்லது ரிஷிகேஷிலிருந்து கர்ணபிரயாகை வந்து பிரிந்து போகலாம். லோஹாஜங்கில் இறங்கும்போதே 6,309 மீட்டர் நந்தா குண்டி எதிரே தெரியும் என்கிறான் அந்தத் தம்பி. முதல் நாள் கருவாலி மரக்காட்டுக்குள் பேக்கல்தால் ஏரி வரை. இரண்டாம் நாள் காடு முடிந்து, மலையின் முதுகில் ஏறிவிட்டால் அப்புறம் மணிக்கணக்கில் திறந்தவெளி. திரிசூலும் நந்தா குண்டியும் முன்னாலேயே வந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாளும் அதே வரிசைதான், இன்னும் உயரத்திலிருந்து. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஓட வேண்டியதில்லை. திரிசூல் வடகிழக்கில் இருப்பதால் மாலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும், கூடாரத்து வாசலில் உட்கார்ந்தே பார்க்கலாம். சூலத்தின் மூன்று நுனி மாதிரி மூன்று சிகரம், அதனால் அந்தப் பெயர். மனிதன் உச்சி தொட்ட முதல் ஏழாயிரம் மீட்டர் சிகரமும் அதுதான், 1907-ல் டாம் லாங்ஸ்டாஃப் குழு ஏறியது.

நடக்கத் தெம்புள்ள நாலு பேர் முதல் தடவை பனிக்குப் போகிறார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரம்மதால் என்பேன். காட்சி பெரிது, காட்சி நேரம் நீளம், கூட்டம் கேதார்கந்தா அளவு கிடையாது. ஆனால் அதற்கு ஒரே வழிதான் உண்டு, நடந்தே ஆக வேண்டும். இரண்டாம் நாள் அண்ணனின் மூட்டு மக்கர் செய்தால் திரும்பி லோஹாஜங்குக்கு இறங்கி, அறையில் கம்பளிக்குள் மூன்று நாள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். நந்தா குண்டி தெரியும், சரி. காலடியில் பனி இருக்குமா என்பது அந்த வாரத்தைப் பொறுத்தது.

இங்கேதான் நான் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: பாதியில் திரும்புகிறவருக்கு என்ன கிடைக்கும்? வாழ்க்கையில் பனியில் நடந்திராத, கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர்க்காரர்கள் நாம். 3,700 மீட்டரில் மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மச்சினன் தினமும் ஜிம்முக்குப் போகிறவன், அவனுக்கே வரலாம். கேதார்கந்தாவில் திரும்புகிறவருக்குக் காடு கிடைக்கும், சிகரம் கிடைக்காது. பிரம்மதாலில் பாதி. சந்தக்பூவில் வண்டி இருப்பதால் எல்லாம் கிடைக்கும், பனி தவிர.

குவாரி கணவாய் இந்தக் கேள்வியில்தான் ஜெயித்தது. அதன் அடிவார ஊர் ஜோஷிமட். அதற்கு மேலே, வண்டி போகும் ஔலி. சுமார் 2,500-லிருந்து 3,000 மீட்டர் வரை பரந்த சரிவு, ஜனவரி கடைசியில் பனி மூடி, பனிச்சறுக்கு விளையாடுகிற இடம். அந்தச் சரிவில் நின்றாலே நந்தா தேவி தெரியும். கணவாயை விட ஔலி தாழ்வு, கொஞ்சம் தூரமும்கூட, ஆனாலும் கணக்குப் போட்டால் அங்கேயும் ஏறக்குறைய அதே மூன்றரை விரல்தான் வருகிறது. துரோணகிரி, 7,066 மீட்டர், நாலு விரலுக்கு மேல். ஒரு அடி நடக்காத அண்ணனும், நாலு நாள் நடந்த மச்சினனும் கிட்டத்தட்ட ஒரே அளவு நந்தா தேவியைப் பார்க்கலாம். கால் ஒத்துழைத்தால் ஔலிக்கு மேலே கோர்சன் புல்வெளி வரை மெதுவாகப் போய் வரலாம், சில கிலோமீட்டர்தான்.

நடக்கிறவர்களுக்கு தாக் கிராமத்திலிருந்து குல்லிங், குல்லாரா என்று கூடாரமடித்து ஏறும் பாதை. காமெட், சௌகம்பா, ஹாத்தி, கோடி என்று சிகர வரிசை விரிந்துகொண்டே போகும். கர்சன் பிரபு பெயரால் கர்சன் பாதை என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே பெயர் வாங்கிய வழி இது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடும்பனியில் கணவாய் வரை போக முடியாமல் திரும்புவது சகஜம். கணவாயைத் தொட்டால்தான் காசு செரிக்கும் என்பவர்கள் பனிக்காலத்தில் இதை எடுக்கக் கூடாது. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. காட்சி கணவாயில் தொடங்குவதில்லை, முதல் கூடாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

வெளிச்சக் கணக்கில் குவாரிக்குக் காலை சரிவராது. நந்தா தேவி இருக்கும் திசையிலேயே ஏறக்குறைய சூரியன் உதிப்பதால், காலையில் சிகரம் நிழலுருவம்தான். மாலை நாலு மணிக்கு மேல் பொன்னாக மாறும். மருமகள், "அப்போ காலைல நல்லாத் தூங்கலாம்" என்று சந்தோஷப்பட்டாள்.

அப்புறம் துரோணகிரி. அனுமன் சஞ்சீவி மூலிகைக்காகப் பெயர்த்தெடுத்த மலை என்று அந்தப் பக்கத்து நம்பிக்கை. மலையைக் கொண்டுபோய்விட்டார் என்று துரோணகிரி கிராமத்தார் இன்னும் அனுமனை வணங்குவதில்லையாம். அந்த மலையிலிருந்து ஒரு துண்டு கீழே விழுந்ததுதான் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் தெரிகிற மருந்துவாழ் மலை என்பது நம் பக்கத்துக் கதை. துண்டு நமக்கு, கோபம் அவர்களுக்கு. அண்ணன் இதைக் கேட்டதும், "அப்பம் நாம போய் நிக்கறது நல்லதா?" என்றார்.

மதினி முதலில் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். ஜோஷிமட் என்றதும் கொஞ்சம் இளகிவிட்டார். அவர் ஆழ்வார்திருநகரிப் பெண். நூற்றெட்டுத் திவ்யதேசத்தில் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி ஜோஷிமட்தான் என்பது வைணவர் வழக்கு. அங்கே நரசிங்கப் பெருமாள். பத்ரிநாதர் கோயில் நடை பனிக்காலத்தில் சாத்தியிருக்கும்போது ஜோஷிமட் நரசிங்கர் கோயில்தான் அந்தப் பகுதிக்கு முக்கியம். போகிற வழியில் தேவபிரயாகை, அதுவும் திவ்யதேசம், கண்டமென்னும் கடிநகர். இரண்டு திவ்யதேசம் கணக்கில் சேரும் என்றதும், "அப்பம் நானும் ஔலியிலே உக்காந்திருக்கேன்" என்று ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துவிட்டார்.

ஒரு தயக்கமும் உண்டு. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி, வீடுகளில் விரிசல் விட்டு, பல குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். அதனால் ஊருக்குள் தங்காமல் ஔலியில் தங்குவது, ஜோஷிமட்டில் கோயிலை மட்டும் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் சாலை நிலவரமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜனவரி கடைசி வாரம். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்று மச்சினன் சொன்னான். டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழை முடியாத மாதம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வாரம் நான் டெல்லி போக எடுத்த டிக்கெட் தண்ணீரோடு போனது. தவிர, உத்தராகண்டிலும் டிசம்பரில் பனி சில வருடம் தாமதிக்கும். ஜனவரி கடைசிக்குள் இரண்டு மூன்று மேற்கத்திய இடையூறாவது வந்துபோயிருக்கும். ஒரு பனிப்பொழிவு முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், அந்த இரண்டு நாள் நமக்கு வாய்க்க வேண்டும்.

போக்குவரத்தில் நாலு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லாமே தூரம்தான். உத்தராகண்டுக்கு நம் ஊரிலேயே திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறி டெல்லி நிஜாமுதீனில் இறங்கலாம், இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும். சந்தக்பூவுக்கு என்றால் நாகர்கோவில் போய் திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸைப் பிடித்து நியூ ஜல்பாய்குரி. அவசரக்காரர்களுக்கு வாகைக்குளத்திலிருந்து சென்னை வழியாக விமானம். மலையில் நடக்க ஆகும் செலவைவிட மலைக்குப் போகும் செலவு அதிகம் என்பதுதான் தெற்கே பிறந்தவர்களின் தலைவிதி. அகத்தியர் மட்டும் வடக்கே இருந்து இறங்கி வந்து, பாபநாசத்திலேயே இருந்தபடி கயிலாயத் திருமணத்தைப் பார்த்துவிட்டார். அவருக்கு டிக்கெட் செலவு மிச்சம்.

சாமான் விஷயத்தில் மூன்றே சொல்கிறேன், மற்றதெல்லாம் எங்கே போனாலும் பட்டியல் கொடுப்பார்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அடிக்கும், ஒரு பகல் வெறுங்கண்ணோடு நடந்தால் ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி எரியும். கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைக்க வேண்டும், குளிரில் பாதி சார்ஜ் காணாமல் போகும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்சங்கிலி வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். திருநெல்வேலியில் அதை வைத்து என்ன செய்யப்போகிறோம்.

பயிற்சிக்குத் தோரணமலை. கடையம் பக்கத்து முருகன் கோயில், நல்ல ஏற்றப் படிகள். ஞாயிறுதோறும் முதுகில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் ஏறுகிறோம். அண்ணன் பாதி வரை வந்து மண்டபத்தில் உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் இறங்கும்போது அவரைப் பார்த்தால், மேற்கே மலையைப் பார்த்து ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி விரலைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"எத்தன விரல் அண்ணாச்சி?"

"கை காணலலே" என்றார்.